நான்கு மூலையிலும் மஞ்சள்

ஊசிமலைத் தோட்டம்,
வட்டகொடை.
6.2.1955

மாரியம்மன் துணை

தம்பி பொன்னையாவுக்கு உன் அக்கா அழகம்மா எழுதிக்கொண்டது.

இரண்டு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. முதலில் எழுதினவள் நான்தான் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நம் நாகலெட்சுமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பூண்டுலோயாப் பக்கம், பெயர் கணேசமூர்த்தி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வைகாசி பன்னிரண்டாம் தேதி முகூர்த்தம். தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிவராமல் என் பெண் மணவறையில் உட்கார மாட்டாள். ஆகவே நீ வந்தாக வேண்டும். மஞ்சள் தடவி முறையாகத்தான் அழைக்கிறேன்.

கார்த்திகையில் எனக்கு வாதம் வந்து இடது கையும் காலும் இருபது நாள் விளங்காமல் கிடந்தன. உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. பொங்கல் பானையை நானே இறக்கினேன். பொங்கல் முடிந்த மறுவாரமே தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குத் திரும்பிவிட்டேன். தேயிலையில் கலந்து வருகிற குச்சியையும் நாரையும் பொறுக்கும் மேசைக்குப் பதினெட்டு வருஷமாக நான்தான் தலைவி. என் கை பட்ட தூளில் குச்சி இருந்ததாக எந்தத் துரையும் சொன்னதில்லை.

இப்போது ஒருத்தி கிளம்பியிருக்கிறாள். எனக்கு இடது பக்கம் உட்காருகிற ராசம்மா. நான் பொறுக்கி முடித்த குவியலில் தன் குச்சிகளைத் தள்ளிவிடுகிறாள். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா வந்து, "என்னா அழகம்மா, இந்தப் பக்கம் குச்சி அப்படியே கெடக்கு?" என்கிறார். திரும்பிப் பார்த்தால் கிடக்கத்தான் செய்கிறது. நான் படுத்திருந்தபோது என் இடத்துக்கு ஆசைப்பட்டவள் அவள். எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டுவிட்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். நாகலெட்சுமி தட்டில் பாதிச் சோறு வைக்கிறாள். கேட்டால் முழிக்கிறாள். உன் மச்சான் சோலைமலை வழக்கம்போல வாயைத் திறப்பதில்லை.

நீ வந்து சேர்.

அக்கா
அழகம்மா


ஆஸ்பத்திரி ஊழியர் வரிசை,
கண்டி.
12.2.1955

மதிப்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நோயில் கிடந்ததை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற தம்பிக்குச் சொல்லி அனுப்பாதது ஒரு வருத்தம். அதை விட்டுவிடுகிறேன். இன்னொன்றை விட முடியவில்லை.

கடிதத்தை என் வீட்டுக்காரி வீரம்மாவின் முன்னால்தான் பிரித்தேன். வலது பக்கம் மேலும் கீழும் மஞ்சள் இருந்தது. இடது பக்கத்து இரண்டு மூலையும் வெறுமை. கல்யாணக் கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். சாவுக் கடிதத்துக்கு மஞ்சளே கிடையாது. பாதி மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எழுத்தும் அப்படியே. எல்லா வரியையும் தாளின் வலது பாதியில் நெருக்கி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையார் சுழிகூட வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடது பாதி முழுவதும் வெள்ளை. என் பெயருக்குப் பக்கத்தில் வீரம்மாவின் பெயர் வர வேண்டிய இடம் அது. நீங்கள் கொட்டகலையில் பார்த்துவைத்த பெண்ணைக் கட்டாமல், ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவளை உங்களுக்குச் சொல்லாமல் கட்டினேன். அது என் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக இடம் விட்டுக் காட்ட வேண்டுமா?

அவள் கோபப்படவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாதித் தாளாச்சும் அனுப்பிருக்காங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

நாலு மூலையும் மஞ்சளாகக் கடிதம் வந்தால் தாய்மாமன் வருவான். இல்லாவிட்டால் என் ஆசீர்வாதம் தபாலில் வரும்.

பொன்னையா


ஊசிமலைத் தோட்டம்
18.2.1955

தம்பிக்கு,

என்னைப் பொய்காரி ஆக்கிவிட்டாய். மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் என் கையாலேயே தடவினேன். மூலைக்கு ஒரு தடவை முருகனை நினைத்தேன். மாரியம்மன் மேல் ஆணையாக நாலு.

தாளில் பாதியை விட்டேன் என்கிறாய். நான் மேலிருந்து கீழே வரை இடம் போதாமல் நெருக்கித்தான் எழுதினேன். உன் கண்ணை முதலில் நீ வேலை செய்கிற இடத்திலேயே காட்டு.

உன் கடிதமும் ஒரு கடிதமா? எந்த வரியை எடுத்தாலும் தலை இல்லை, பாதியிலிருந்து தொடங்குகிறது. பட்டணம் போனதும் தமிழ் மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். நாகலெட்சுமி வாங்கி வாசித்தபோது ஒழுங்காகத்தான் இருந்தது. இந்த லயத்து வீடுகளில் எல்லாருக்கும் கடிதம் வாசித்துக் கொடுத்தவள் நான். இப்போது என் மகள் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

உன் பெண்டாட்டி விஷயத்துக்கு இப்போது நேரமில்லை. அவள் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை, அது உண்மை. ஆனால் வெற்றிடம் விட்டு ஆளைக் குத்திக்காட்டுகிற அளவுக்கு நான் சின்னவள் இல்லை. குத்துவதானால் எழுதியே குத்துவேன்.

டீமேக்கர் ஐயா நேற்றுக் கூப்பிட்டு, மாசி முடிகிற வரை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேலும் என் குவியலில் குச்சி இருந்தால் என்னை எழுப்பிவிட்டு ராசம்மாவை அந்த இடத்தில் உட்கார வைப்பாராம். பதினெட்டு வருஷம், தம்பி. அந்த இடத்திலிருந்து எழுந்து, மேசையைக் கடந்து நான் வெளியே நடக்க வேண்டும் என்றால் அதற்கு முன்பே என் உயிர் போகட்டும்.

அழகம்மா


கண்டி
25.2.1955

அன்புள்ள அக்காவுக்கு,

முன் கடிதத்தில் எழுதியதை எல்லாம் தள்ளிவையுங்கள். நான் இப்போது கோபமாக இல்லை. பயமாக இருக்கிறேன்.

எங்கள் வார்டில் நல்லமுத்து என்று ஒரு பெரியவர் இருக்கிறார், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். அவருக்கும் வாதம், அவருக்கும் இடது கைதான். முந்தாநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "ஆஸ்பத்திரியிலயும் அரை வயித்துக் கஞ்சிதானா?" என்று சத்தம் போட்டார். எட்டிப் பார்த்தேன். தட்டின் இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது. தட்டைச் சுற்றி வைத்தேன். இப்போதுதான் பரிமாறினேன் என்று நினைத்து மிச்சத்தையும் சாப்பிட்டார்.

அப்போதுதான் நாகலெட்சுமி வைக்கும் பாதிச் சோறு எனக்கு ஞாபகம் வந்தது. ராசம்மா உங்களுக்கு எந்தப் பக்கம் உட்காருகிறாள் என்பதும் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் மஞ்சள் இல்லை என்பதும்.

அந்தத் தாளை எங்கள் வார்டு டாக்டரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். வாதம் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகுமாம். கண் நல்ல கண்ணாகவே இருக்கும். ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிடும். இருட்டாகத் தெரிந்தால் ஆளுக்குச் சந்தேகம் வரும். இது இருட்டும் இல்லை, அதனால் குறைவதே தெரியாது. நல்லமுத்துவிடம் பென்சிலைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். சோதிக்க முடியவில்லை என்று சீட்டில் எழுத வேண்டியதாயிற்று. உங்களுக்குத்தான் எழுத்துத் தெரியுமே.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் நாற்பது சின்னக் கோடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். கீழே உள்ள நீளக் கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். மிச்ச இடத்தில் ஒரு கடிகாரம் வரையுங்கள். யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

உங்கள் தம்பி
பொன்னையா


ஊசிமலைத் தோட்டம்
3.3.1955

தம்பிக்கு,

எனக்குப் பாலர் வகுப்புப் பரீட்சை வைக்கிறாய். உனக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவள் யார் என்று அந்த டாக்டரிடம் சொன்னாயா?

வேண்டாம் என்று கிழிக்கத்தான் போனேன். பிறகு, கிழித்தால் பயந்துவிட்டேன் என்று சொல்வாய். அதனால் செய்தேன். கோடு ஒன்றைக்கூட விடவில்லை, இரண்டு தரம் சரிபார்த்தேன். புள்ளி நட்டநடுவில் இருக்கிறது, கயிறு பிடித்துப் பார்த்துக்கொள். கடிகாரம் ஸ்டோர்ச் சுவரில் மாட்டியிருப்பதைப் போலவே வந்திருக்கிறது. பன்னிரண்டு எண்ணும் போட்டிருக்கிறேன்.

பெரியவர் நல்லமுத்துவுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் நான் நல்லமுத்து இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே குச்சி எது, இலை எது என்று சொல்லுகிற விரல் இது.

பரீட்சையில் தேறியவள் சொல்கிறேன், கல்யாணத்துக்கு வந்து சேர்.

அழகம்மா


கண்டி
9.3.1955

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது.

பதினேழு கோடுகளுக்கு வட்டம் போட்டிருக்கிறீர்கள். பதினேழும் வலது பக்கத்தில் உள்ளவை. நடுப்புள்ளி வலது முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிகாரத்தில் பன்னிரண்டு எண்ணும் இருக்கின்றன, எல்லாம் வலது பாதியில் ஒன்றின்மேல் ஒன்றாக. வட்டமிட்ட கை ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர், தெரிந்தால் விட்டிருக்க மாட்டார்" என்றார். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ராசம்மா தள்ளவில்லை, அக்கா. நாகலெட்சுமி குறைத்து வைக்கவும் இல்லை. நான் நினைத்ததுபோல் நீங்கள் என்னை அவமானப்படுத்தவும் இல்லை. அப்படி நினைத்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். என்னை நம்ப வேண்டாம், டாக்டரையும் நம்ப வேண்டாம். தாளை மேசையில் வைத்து, மேல்பக்கம் கீழே வரும்படி சுற்றிவிட்டுப் பாருங்கள்.

பொன்னையா


ஊசிமலைத் தோட்டம்
20.3.1955

அன்புத் தம்பிக்கு,

உன்னைப் பொய்யன் ஆக்க வேண்டும் என்றுதான் தாளைச் சுற்றினேன்.

சுற்றியதும் வெறும் கோடுகளாக வந்தன. இருபத்து மூன்று. ஒன்றுக்கும் வட்டம் இல்லை. மறுபடி சுற்றினேன், எல்லாம் போய்விட்டன, வட்டம் போட்டவை மட்டும் இருந்தன. தாள் ஒன்றுதான், மை ஒன்றுதான். நாகலெட்சுமி வந்து பார்த்தபோது நான் அதைச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேனாம். சோற்றுத் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தின்று முடித்துவிட்டுத் தட்டைச் சுற்றினேன். அங்கே என் மகள் வைத்த மிச்சச் சோறு இருந்தது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். இதை நீ யாருக்கும் சொல்லாதே.

மறுநாள் காலையில் சங்கு ஊதும் முன்பே ஸ்டோருக்குப் போனேன். முதல் நாள் நான் பொறுக்கிவைத்த குவியல் மேசையிலேயே இருந்தது. எதிர்ப்பக்கம் போய் நின்றேன். குச்சியும் நாருமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் தள்ளினதில்லை. நான் விட்டது.

ராசம்மாவை எல்லார் முன்னாலும் திட்டினேன், அதனால் மன்னிப்பையும் எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். தனியாகக் கேட்டிருக்கலாம், சுலபம். அது நியாயமில்லை. அவள் சிரித்துவிட்டு, "நான் தள்ளுறதா இருந்தா அதைவிட நெறையாத் தள்ளிருப்பேன் அக்கா" என்றாள்.

டீமேக்கர் ஐயாவிடம் போய், "ஐயா, குச்சி விட்டது நாந்தான். எடத்தை எடுக்கிறதுன்னா எடுங்க. ஆனா அதுக்கு முன்ன ஒரு நாள் எனக்கு வேணும்" என்றேன். கொடுத்தார். மேசையை விட்டுவிட்டு வட்டமான மூங்கில் தட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். தட்டின் விளிம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். வலது பக்கம் தெரிவதைப் பொறுக்குவேன், தட்டைக் கொஞ்சம் சுற்றுவேன், மறுபடி பொறுக்குவேன். சிவப்பு நூல் திரும்பி வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று கணக்கு. என் இடது பக்கம் கிடப்பது எதுவானாலும் வலது பக்கம் வந்துதான் ஆக வேண்டும்.

சாயங்காலம் டீமேக்கர் ஐயா என் தட்டைக் கொட்டி, கையால் அளைந்து, கண்ணாடி போட்டுத் தேடினார். ஒரு குச்சி அகப்படவில்லை. ராசம்மாவின் குவியலில் மூன்று இருந்தன. "சரி, நாளைக்கு வா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் பதினெட்டு வருஷத்தையும் கொடுப்பேன்.

உன் டாக்டரைப் பார்க்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் நானும் உன் மச்சானும் ரயிலேறுகிறோம். உங்கள் வீட்டில் தங்கச் சொல்லாதே. காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவேன்.

அழகம்மா


கண்டி
20.4.1955

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வந்து போய்ப் பத்து நாளாகிறது. அதற்குள் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் உங்களைச் சோதித்து முடித்ததும் நீங்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவீர்கள் என்று நினைத்தேன். நல்லமுத்துவின் கட்டிலுக்குப் போய், "பென்சிலே புடிக்காத கைக்குக் கடியாரத்தக் குடுத்தா அது என்னங்கய்யா செய்யும்? ஒரு தட்டுத் தேயிலை குடுங்க" என்று டாக்டரிடமே சொன்னீர்கள். மடியிலிருந்து குச்சித் தூள் பொட்டலத்தை எடுத்தபோது தாதிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. தூளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது பாதியில் இருந்த குச்சியை எல்லாம் பொறுக்கிவிட்டு, "முடிஞ்சிருச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டார். இடது பாதிக் குச்சி அப்படியே கிடந்தது.

நீங்கள் போனபிறகு அவருடைய சீட்டில் எழுதியிருந்ததை டாக்டர் அடித்துவிட்டு வேறு எழுதினார். இப்போது தோட்டங்களிலிருந்து வாதத்தோடு யார் வந்தாலும் முதலில் அந்தத் தட்டைத்தான் கொண்டுவரச் சொல்கிறார். நடுவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இந்தப் பக்கம் பத்துக் குச்சி, அந்தப் பக்கம் பத்துக் குச்சி வைக்கிறோம். இதுவரை ஐந்து பேருக்கு வைத்தோம், இரண்டு பேர் அகப்பட்டார்கள். ஒருத்தி, மகன் பார்க்கவே வருவதில்லை என்று அழுதுகொண்டிருந்தவள். மகன் தினமும் வந்து இடது பக்கம் நின்றிருக்கிறான். "அழகம்மா தட்டு எங்கே?" என்று டாக்டர் வார்டில் எல்லார் காதிலும் விழக் கேட்கும்போது, அது என் அக்கா பெயர் என்று நான் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாமல் இருந்ததில்லை.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அன்று வீரம்மா உங்களுக்குக் கோப்பி கொண்டுவந்தாள். பாதி நாள் விடுப்புக் கேட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது "வாங்க மதினி" என்று மெதுவாகச் சொன்னாள். வார்டுச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கோப்பி ஆறும் வரை நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "உங்க அக்காவுக்கு என்னைக் கண்ணால பாக்கவே புடிக்கல" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் உங்கள்மேல் மறுபடி மனம் கசந்து இருந்தேன்.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. அவள் நின்றது உங்கள் இடது பக்கம். பெயருக்கு ஆஸ்பத்திரிக்காரன், தட்டு தூக்கிக்கொண்டு திரிகிறவன், என் வீட்டுக்காரியை எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். நம்பியும் நம்பாமலும் இருக்கிறாள்.

பொன்னையா


ஊசிமலைத் தோட்டம்,
வட்டகொடை.
1.5.1955

மாரியம்மன் துணை

தம்பி பொன்னையாவுக்கும் அவன் மனைவி வீரம்மாவுக்கும் அழகம்மா எழுதிக்கொண்டது.

தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும், பார்த்தீர்களா? நாகலெட்சுமி போட்டுத் தந்தாள். ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்த பிறகுதான் பேனாவை வைக்கிறேன். இரண்டு பெயரையும் கோட்டை ஒட்டி எழுதியிருக்கிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு ஒரு பகல் ஆனது. மஞ்சளைத் தாளைச் சுற்றிச் சுற்றித் தடவினேன். நாலு மூலையையும் எண்ணிப் பார், குறைந்தால் எழுது.

அந்தத் தட்டுக்கு என் பெயரை வைத்ததை ராசம்மாவிடம் சொன்னேன். அவள் மூலம் தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் தெரிந்துவிட்டது. அடங்கி நடக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. நேற்று காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கங்காணிகூட எனக்கு வழி விட்டார். ஸ்டோரில் இப்போது நாலு பேர் வட்டத் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை.

வீரம்மா, இது உனக்கு. இரண்டு வருஷம் உன்னைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அது நான் வேண்டும் என்றே செய்தது, அதற்கு நோய் மேல் பழி போட மாட்டேன். ஆனால் அன்று கோப்பியோடு நீ நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குடித்திருப்பேன். ஆறின கோப்பியையும் குடித்திருப்பேன்.

கல்யாணத்தன்று யார் எங்கே நிற்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். பொன்னையா, நீ எனக்கு இடது பக்கம் நில். நீ என் தம்பி, கழுத்து வலித்தாலும் உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வேன், டாக்டரும் திரும்பிப் பழகத்தான் சொல்லியிருக்கிறார்.

வீரம்மா என் வலது பக்கம் நிற்கட்டும். அவளை நான் தேடாமலே பார்க்க வேண்டும்.

அழகம்மா